மொன்செராத்தேயின் நான்கு பிள்ளைகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நெரெய்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே கணினித் திரையில் 1950ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்துச் சென்சஸ் தாள் ஒன்று விரிந்திருந்தது. மரிக்காவோ மலையில் பாலோ பிரியேத்தோ என்ற சிற்றூர். வீட்டுத் தலைவி மொன்செராத்தே, விதவை, முப்பத்தொரு வயது, காப்பிப் பழம் பறிக்கும் கூலி. அவள் பெயருக்குக் கீழே நான்கு பிள்ளைகள். எவுசேபியோ, ஒன்பது. ரோசா, ஆறு. அன்செல்மோ, மூன்று. எர்மீனியா, ஒன்று.

அன்செல்மோ நெரெய்தாவின் அப்பா. இப்போது எழுபத்தாறு வயது. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் பெயர் எர்மீனியா, வயது எழுபத்து நான்கு.

நெரெய்தா ஒரு காகிதத்தை எடுத்து வயதைக் கழித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு காகிதத்தை எடுத்து மறுபடியும் கழித்தாள். விடை மாறவில்லை. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள், ஏதோ அந்தத் தாளைத் தெருவில் போகிறவர்கள் படித்துவிடுவார்கள் என்கிற மாதிரி.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற நெரெய்தாவுக்கு ஊரில் வேறொரு பெயரும் உண்டு. யாருடைய பூட்டன் காணாமல் போனாலும் தேடிக் கொடுப்பவள் அவள். சென்சஸ் எழுதிய குமாஸ்தாக்களின் கோழிக் கிறுக்கலை அவளைப் போல வாசிக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. எழுபத்திரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்த 1950ஆம் ஆண்டுத் தாள்கள் போன வருஷம்தான் திறந்தன. அன்றிலிருந்து அவளுக்கு ஓய்வில்லை.

அப்பாவும் எர்மீனியாவும் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளைகள். இந்த மலையில் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. புருஷன் செத்தால், விளைச்சல் பொய்த்தால், ஒரு பிள்ளையை இன்னொரு வீட்டில் விட்டுவிடுவார்கள். எழுத்தும் இல்லை, கோர்ட்டும் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் பெயரையே பிள்ளைக்கு வைத்துப் பதிந்துகொள்வார்கள், அத்தோடு சரி. அன்செல்மோவைக் கீலெஸ் தம்பதி வளர்த்தார்கள். எர்மீனியாவைப் பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் வளர்த்தது. மலைமேலிருந்து யாரோ காப்பிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த குழந்தை என்பதற்கு மேல் எர்மீனியாவுக்குத் தன் பூர்வீகம் தெரியாது.

அப்பாவுக்காவது ஒரு பெயர் தெரியும். பெற்றவள் பாலோ பிரியேத்தோவில் மொன்சே என்று ஒருத்தி, மொன்செராத்தே என்பதன் சுருக்கம். அவளைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் முகம் கடுத்துவிடும். "பூனைகூடக் குட்டியக் கவ்விக்கிட்டுத்தான் வீடு மாறும். என்னைத் தூக்கிக் கொடுத்துட்டுத் திரும்பிப் பாக்காதவ கதை எனக்கெதுக்கு?" என்பார்.

கீலெஸ் வீட்டுத் தாளை நெரெய்தா போன மாதமே கண்டுபிடித்துவிட்டாள். அதே ஏப்ரல் மாதம். அன்செல்மோ, மூன்று, எடுத்து வளர்க்கும் மகன் என்று தெளிவாக இருந்தது. அப்படியானால் ஒரே பையன் இரண்டு வீட்டில் இருக்கிறான். இதுவும் அவளுக்குப் புதிதல்ல. வேறு குடும்பங்களுக்குத் தேடும்போது இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறாள். எத்தனை பிள்ளை என்று கேட்டால், கொடுத்துவிட்ட பிள்ளையையும் சேர்த்துத்தான் இந்த மலைத் தாய்மார்கள் சொல்வார்கள். வளர்க்கிறவளும் சொல்வாள். எழுதுகிறவன் இரண்டு இடத்திலும் எழுதிவிட்டுப் போவான்.

நெரெய்தாவுக்கு உறுத்தியது அதுதான். வீட்டில் இல்லாத அன்செல்மோவை மொன்செராத்தே எண்ணியிருக்கிறாள் என்றால், அடுத்த வரியில் இருக்கும் எர்மீனியா மட்டும் வீட்டில் இருந்தாள் என்று யார் சொன்னது? அவளும் பட்டணத்துக்குப் போன பிள்ளையாக இருந்தால்?

மத்தியானம் அப்பா வந்துவிட்டார். கல்யாணத்துக்கு வாங்கிய குவாயபேரா சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, முன்னால் நான்கு பை.

"கழுத்துக்கிட்ட இறுக்குதா பாரு. கடைக்காரன் அளவு சரிங்கிறான். அவன் வித்துட்டுப் போறவன்."

"இறுக்கல, நல்லாத்தான் இருக்கு."

"பாக்காமலே சொல்ற." அவர் சுவரோரம் துணி போட்டு மூடியிருந்த பலகையைக் காட்டினார். "நம்ம மரம் எங்க வரைக்கும் வந்திருக்கு?"

அந்தப் பலகை நெரெய்தாவின் கல்யாணப் பரிசு. இரண்டு குடும்பத்தின் வம்ச மரத்தையும் வரைந்து, நடுவில் இரண்டு கிளையைச் சேர்த்துவைப்பதாகத் திட்டம். சும்மா கொடுக்கிற பரிசு அல்ல அது, சமாதானக் கொடி. அப்பா இந்தக் கல்யாணத்தைச் சொன்ன அன்று அவள் ஆடிய ஆட்டத்தைத் தெருவே பார்த்தது. அம்மா போய் நாலு வருஷம்கூட முடியல, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இந்தக் கூத்து என்று கத்தினாள். மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. எர்மீனியாதான் ஒருநாள் நேரே வந்து, "திட்டுறதா இருந்தா என்னைத் திட்டு, அந்த மனுஷன் சாப்பிட மாட்டேங்கிறார்" என்று சொல்லிக் கோபத்தை உடைத்தாள்.

"மை காயலப்பா. தொட்டுடாதீங்க."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "நெரெய்தா, நிஜமாச் சொல்லு. உனக்குச் சம்மதம்தானே? ஒப்புக்குச் சொல்லாத."

இப்போது சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது. ஆடிப் பார்த்தாள், நடக்கவில்லை, இப்போது பழைய தாளைத் தோண்டி எடுத்து வந்துவிட்டாள் என்பார். அதைவிடக் கேவலமான ஒன்றும் இருந்தது. அந்த வரியை முதலில் வாசித்த கணத்தில், பயத்துக்கும் முன்னால், அவள் மனதில் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அம்மாவின் இடம் காலியாகவே இருக்கும் என்று. அதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சம்மதம்தாம்ப்பா," என்றாள்.

அவர் போனதும் பாலோ பிரியேத்தோவின் ஒரே மளிகைக் கடைக்குப் போன் போட்டாள். மொன்செராத்தே குடும்பத்தில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"ரோசா இருக்காங்களே," என்றான் கடைக்காரன். "தண்ணித் தொட்டி வளைவுல வீடு. போனெல்லாம் வச்சுக்க மாட்டாங்க. நான் கூப்பிட்டுத் தரேன்னாலும் போன்ல பேச மாட்டாங்க. நேர்ல வாங்க. ஆனா இப்ப வராதீங்க, நேத்து மழைல ரோடு சரிஞ்சு கெடக்கு. வெள்ளிக்கிழமை தொறப்பாங்களாம்."

வெள்ளிக்கிழமை. மறுநாள் கல்யாணம். எச்சிலை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர ஆறு வாரம். நெரெய்தா இரண்டு நாளாக மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டவர்களுக்கு வயிற்று மருந்தை எடுத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை எர்மீனியா வந்தாள். வாழையிலையில் கட்டிய பாஸ்தெலெஸ் கொழுக்கட்டை ஒரு டஜன் கொண்டுவந்திருந்தாள்.

"உங்கப்பா சொல்றார், நீ மெலிஞ்சுட்டேன்னு. எனக்கென்னவோ குண்டாத்தான் தெரியுற. எங்க, அந்தப் பலகையக் காட்டு."

"சனிக்கிழமை பாக்கலாம்."

"எழுபத்து நாலு வயசாச்சு. சனிக்கிழமை வரைக்கும் காத்திருன்னு என்கிட்ட சொல்லாத." சிரித்துக்கொண்டே துணியை விலக்கினாள். அப்பா பக்கத்துக் கிளையில் கீலெஸ் குடும்பம் மட்டும் இருந்தது. எர்மீனியாவின் பக்கத்தில் துணிக்கடைக் குடும்பம் மட்டும். நடுவில் சேர வேண்டிய கோடு இழுக்கப்படவில்லை. அவள் சிரிப்பு நின்றது. "மை காயலைன்னு உங்கப்பாகிட்ட சொன்னியாமே. காயாத மை எங்க இருக்கு இதுல?"

நெரெய்தா துணியை மறுபடி இழுத்து மூடினாள்.

"ஏம்மா. என்னைப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. முன்ன சொன்னியே, அப்படி."

"அதில்ல, எர்மீனியாம்மா. உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்குறேன்."

நெரெய்தா தாளை அச்சடித்து வைத்திருந்தாள். அதை நீட்டினாள். எர்மீனியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கிக் கடைசிப் பெயரில் நின்றது. அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

விரலை முதல் வரிக்குக் கொண்டுபோய், "முப்பத்தொரு வயசு," என்றாள். "என் அம்மாவுக்கு."

"அது நீங்கதான்னு நிச்சயமில்ல. நாளைக்கு மேல போய் விசாரிக்கிறேன்."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

எர்மீனியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "முதல் புருஷன் குடிகாரன். முப்பது வருஷம் தனியா இருந்தேன். இப்பதான் ஒருத்தர் காலைல எனக்குக் காப்பி போட்டுத் தரேங்கிறார். அவர் என் அண்ணனாப் போயிட்டா நான் யாரப் போய்த் திட்டுறது, சொல்லு." குரல் கடைசியில் உடைந்தது. "நாளைக்கு நானும் வரேன். அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விட்டுடாத. ஏதாவது சொல்லணும்னா நான்தான் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே கிளம்பினார்கள். சரிந்த இடத்தில் ஒரு பக்கச் சாலையை மட்டும் திறந்திருந்தார்கள். கொடி பிடித்த ஆள் அரை மணி நேரம் நிறுத்திவைத்தான். காரின் இடது பக்கம் செம்மண் சுவர், வலது பக்கம் பள்ளம். எர்மீனியா மடியில் கைப்பையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். திரும்பிப் போயிடலாமா என்று ஒருமுறை கேட்டாள். நெரெய்தா பதில் சொல்வதற்குள், வேண்டாம், ஓட்டு என்றாள்.

ரோசா வீட்டு முற்றத்தில் சேவல் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பது வயசு, குச்சி மாதிரி உடம்பு. நெரெய்தாவின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டாள்.

"நீ யார் வீட்டுப் பொண்ணு? எங்கம்மா மூக்கு உன்கிட்ட இருக்கே."

"அன்செல்மோ மக."

ரோசா கூண்டைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கானா?"

"இருக்கார். நாளைக்கு அவருக்குக் கல்யாணம்." நெரெய்தா பையைத் திறந்தாள். சுற்றி வளைக்காமல் தாளை எடுத்து, கடைசி வரியில் விரல் வைத்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் இப்பவே தெரியணும். இந்தக் குழந்தை, எர்மீனியா. இவளையும் யாருக்காவது கொடுத்தீங்களா?"

ரோசாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பெயரைக் கேட்டதும் முகம் மாறியது. "மினியாவ எழுதியிருக்கானா? எண்ண வந்தவன் நிஜமாவே எழுதிட்டானா?"

"கொடுத்தீங்களா, சொல்லுங்க," என்றாள் எர்மீனியா. அவள் இன்னும் கார் கதவை விடவில்லை.

"யாருக்குக் கொடுக்கிறது? செத்துப்போச்சு. அந்த வருஷம் ஜனவரியில, மூணு ராஜா பண்டிகைக்கு மறுநாள். காய்ச்சல். பச்சைக் குழந்தை செத்தா அழக்கூடாது, பாடணும்பாங்க. ஊரே வந்து விடிய விடியப் பாடிச்சு. மேசை மேல பூவுக்கு நடுவுல கெடந்தா. ஈ ஓட்டினது நான்தான். அங்க மேட்டுல இருக்கு பாரு, வெள்ளைச் சிலுவை, அதான் அவ."

நெரெய்தா தாளின் தலைப்பில் இருந்த தேதியைப் பார்த்தாள். ஏப்ரல் மாதத் தாளில் ஒரு வயதுக் குழந்தையாக உட்கார்ந்திருந்தவள் ஜனவரியிலேயே மண்ணுக்குள் போய்விட்டாள். "அப்புறம் எப்படி எழுதினாங்க?"

"எண்ண வந்த ஆள் குதிரையில வந்தான். பெரிய பெரிய காகிதம். எத்தனை பிள்ளைன்னான். நாலுன்னாங்க அம்மா. அங்க நின்னது நானும் எவுசேபியோவும் மட்டும்தான். மத்தது எங்கன்னான். பையன் வெளிய போயிருக்கான், சின்னது தூங்குதுன்னாங்க. அம்மா, மினியாதான் செத்துப்போச்சேன்னு நான் வாயத் தொறந்தேன். தொடையில ஒரு கிள்ளு." ரோசா பாவாடைக்கு மேலேயே அந்த இடத்தைத் தடவினாள். "அவன் போனப்புறம் சொன்னாங்க, நான் பெத்தது நாலு, ராஜாங்கம் கேட்டாலும் நாலுன்னுதான் சொல்லுவேன்னு."

எர்மீனியா கார் கதவில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று நெரெய்தாவால் சொல்ல முடியவில்லை. அது நிம்மதியில் வந்த அழுகை மட்டுமல்ல என்பது பிறகு புரிந்தது. "நேத்துலேர்ந்து எனக்கு ஒரு அம்மா இருந்தா," என்றாள் எர்மீனியா, மூக்கைத் துடைத்தபடி. "முப்பத்தொரு வயசு. ராத்திரி பூரா அவகூடத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். இப்ப திருப்பிக் கொடுக்கணும்." பிறகு ரோசாவைப் பார்த்தாள். "உங்களை அக்கான்னு கூப்பிட வந்தேன். நாளைக்கு உங்க தம்பியக் கட்டிக்கப் போறவ நான்தான், நாத்தனாரா ஆயிட்டீங்க."

"நாத்தனார்னா கொஞ்சம் தொந்தரவு பண்ணுவேன், பரவாயில்லையா?" என்றாள் ரோசா.

கிளம்பும் முன் எர்மீனியா மேட்டுக்கு ஏறினாள். முற்றத்தில் பூத்திருந்த செம்பருத்தி நாலைப் பறித்துச் சிலுவைக்கு அடியில் வைத்தாள். "என் பேர்க்காரிய அந்த மரத்துல விட்டுடாத," என்று நெரெய்தாவிடம் சொன்னாள்.

மலை இறங்கும்போது பின் சீட்டில் ரோசா இருந்தாள், மடியில் ஒரு துணி மூட்டையுடன். கீலெஸ் வீட்டுக்கு அம்மா ஞாயிறு தோறும் போனதை அவள் சொன்னாள். அம்மா வந்துபோனால் பையன் மூன்று நாள் சாப்பிட மாட்டானாம். கீலெஸ் வீட்டம்மா கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள், அவன் பழகும்வரை வராதே என்று. பிறகு அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. மொன்செராத்தே நாற்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தாள்.

அன்செல்மோ வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பெண்கள் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்து, "என்ன, பொண்ணை மாத்திட்டாங்களா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நீயே சொல்லு என்று எர்மீனியா கண்ணைக் காட்ட, நெரெய்தா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள், தன் மனதில் எட்டிப் பார்த்த அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்து. பிறகு தாளை அவர் மடியில் வைத்தாள். அவர் பாலிஷ் படிந்த விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, தாளைத் தொடாமல் வாசித்தார்.

"நான்தான் அங்க இல்லையே," என்றார்.

"வெளிய போயிருக்கான்னாங்க," என்றாள் ரோசா. "திரும்பி வருவேங்கிற மாதிரி."

அவர் ரோசாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூனைன்னு சொல்லியிருக்கேன்," என்றார். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன்." எழுந்து உள்ளே போனார். சமையலறைக் குழாய் திறந்தபடியே ஓடும் சத்தம் கேட்டது. நெரெய்தா எழப் பார்த்தாள். எர்மீனியா அவள் முழங்காலில் கை வைத்து, "விடு, அழுதுட்டு வரட்டும்," என்றாள். கால் மணி நேரம் கழித்து அவர் நான்கு பேருக்கும் காப்பி கொண்டுவந்தார். முதல் கோப்பையை ரோசாவிடம் கொடுத்து, "அக்கா, சர்க்கரை பாத்துக்கோ," என்றார். ரோசா சர்க்கரை இல்லாத காப்பியை அழுதுகொண்டே குடித்து முடித்தாள்.

சனிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் குமாஸ்தா பெரிய பதிவேட்டை விரித்தார். அப்பாவின் பெயர், வயது, வளர்த்த தகப்பன் பெயர் எல்லாம் எழுதியாயிற்று.

"தாயார் பேரு?"

"பெலீசித்தா கீலெஸ்," என்றார் அப்பா. குமாஸ்தா எழுதினார். "இன்னொண்ணும் இருக்கு. மொன்செராத்தே லூகோ. அதையும் எழுதுங்க."

"ஒரு கோடுதான் இருக்குங்க. யாராவது ஒருத்தர் பேருதான் எழுத முடியும்."

"என்னை ரெண்டு வீட்லயும் எண்ணியிருக்காங்க," என்றார் அப்பா. "ரெண்டு பேருமே பொய் சொல்லல. சின்ன எழுத்தா எழுதுங்க, எடம் பத்தும்."

குமாஸ்தா நெரெய்தாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் பேனாவைச் சாய்த்துப் பிடித்து, முதல் பெயருக்கும் கோட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் இரண்டாவது பெயரை நுணுக்கி எழுதினார். ரோசா பக்கத்தில் வந்து நின்று, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் காட்டி, இதுதானா என்று கேட்டாள்.

"அதுதான், அத்தை," என்றாள் நெரெய்தா.